இடம் கழித்தல் வலம்

"அவவின்ர குரலை மட்டும் எடு" என்றார் தேவகடாட்சம்.
பென் டிரைவை மேசையில் வைத்த விதம்
கோட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் கொடுப்பவர் மாதிரி.

மத்திய வீதி, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு ஒட்டியிருக்கிறேன்;
அதையும் மீறி உள்ளே வரும் முச்சக்கர வண்டி.

பிலோமினா இப்போது வேறு குழுவில் பாடுகிறாளாம்.
புதுப் பிள்ளைக்கு டிராக் வேண்டுமாம், ஆவணிக் கலியாணங்களுக்கு முன்.
காசுப் பிரச்சினை என்று பாலையூற்றில் கதை.
அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

மந்திரமில்லை அண்ணை, கழித்தல் கணக்கு.
பாடுகிறவரை நடுவில் நிறுத்துவதுதான் வழக்கம்:
இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம்.
வலதைத் தலைகீழாக்கு,
மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும்,
பிறகு இரண்டையும் ஒன்றாய்க் கொட்டு.
ஒரேமாதிரி இருந்ததெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும்.
வேறுபட்டது பிழைக்கும்.

கிழக்கே கத்துகிற கடல்,
மேற்கே மூச்சுக் காட்டாத துறைமுகம்,
நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நாங்கள்,
பஸ் நிலையத்து மான்கள் உட்பட.
அமத்துமுன் எப்போதும் ஒருதரம் யோசிப்பேன்.

அமத்தினேன்.
பிலோமினா போனாள்.
போன கையோடு பேஸ் கித்தார் போனது,
டிரம்மின் நெஞ்சு போனது.

"என்ர கீபோட் எங்கை?"

ஒற்றை வயரில பதிஞ்சிருக்கு அண்ணை.
நீங்களும் நடுவிலதான் நிண்டிருக்கிறியள்,
அவ நிண்ட அதே இடத்தில.

மிஞ்சியது இடப்பக்கத்து டம்பரின்,
வலப்பக்கம் யாரோ கதிரை இழுத்த சத்தம்,
பிறகு அவளுடைய எதிரொலி.
பக்கத்துக்கொரு விதமாய்ப் பூசிய எதிரொலி கழிபடாது.
மெய்யெல்லாம் தேய்ந்து
உயிரெழுத்து மட்டும் நடந்து திரிகிற பாட்டு.

"நிப்பாட்டு."

அவருடைய பென் டிரைவிலேயே 'பிறக்டிஸ்' என்றொரு கோப்புறை.
அதற்குள் அதே பாட்டு, குரல் சேர்க்காத மிக்ஸ்.
அவருக்கே மறந்துபோனது.
வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது,
அவர் பேர்ஸைத் திறந்தார்.

கை சும்மா இருந்தால்தானே.
அந்த இசையைத் தலைகீழாக்கி முழுப்பாட்டின் மேல் வைத்தேன்.
ஒரு நொடியை நாற்பத்து நாலாயிரமாய்ச் சீவி
அதில் ஒரு சீவல் விலகினாலும் அடங்காது.
வைத்தேன், தள்ளினேன், திரும்ப வைத்தேன்.
மின்விசிறி நின்ற பிறகுதான்
அது சுற்றியது தெரியுமே,
அப்படி இறங்கியது இசை.

பிலோமினா மட்டும்.
மூச்சு. காப்புச் சத்தம். ஒரு செருமல்.
சரணத்துக்கு முந்தி அவருடைய கீபோட் தனியே ஓடுகிற இடம்,
இதுவரை ஒருவரும் கேட்டிராத இருபது நொடி,
அதன்மேல்தான் அவர் வாசித்துக்கொண்டிருந்தாரே.
மைக்குக்குக் கொஞ்சம் தள்ளி, கிசுகிசுப்பாய்:
"ஓடாதேங்கோ… ஓடாதேங்கோ…
ம், இப்ப சரி."

ஹெட்போனைக் கழற்றாமல்
வயர் விட்ட தூரத்துக்கு ஜன்னல் பக்கம் போனார்.
கீழே ஒரு மான்
மரக்கறிக் கடையின் கோவா இலையை இழுத்துக்கொண்டு நின்றது.

எதைப் போட அண்ணை, அவ இல்லாததையோ, அவ மட்டும் உள்ளதையோ?
எடு எண்டுதானே சொன்னனீங்கள்,
ரெண்டு விதமாயும் எடுத்திட்டன்.

பதில் இல்லை.
கன நேரம் கழித்து, கண்ணாடியைப் பார்த்தபடி:
"பதினெண்ணாயிரத்து ஐந்நூறு.
நாலு கலியாணம்,
ஒரு சாமத்தியவீடு."