ஏழாம் கேள்வி

மேலே நான்கு மீட்டர்,
அடியில் நாற்பத்தாறு.
வாடன் கடலைப் பார்த்த பக்கம் நீண்ட சரிவு,
ஊரைப் பார்த்த பக்கம் பதினைந்து மீட்டர்ச் சரிவு.
உள்ளே புள்ளி புள்ளியாக ஒரு கோடு: ஒன்பது.
கடலணையின் குறுக்குவெட்டுப் பரப்பு என்ன?

இணைப்பக்கங்களைக் கூட்டினேன், ஐம்பது.
பாதி, இருபத்தைந்து.
அதைப் பதினைந்தால் பெருக்கினேன்.
ஹூக்ஸ்ட்ரா சிவப்பில் சுழித்தார்:
"யெல்ட்யே, உன் அணையில்
நூற்றைம்பது சதுர மீட்டர் கூடுதல்.
யார் கொண்டுவந்து கொட்டிய மண்?"
வகுப்பு சிரித்தது. சியூர்ட் கொஞ்சம் அதிகமாகவே.

நான் என்ன செய்ய?
அந்தப் பதினைந்தை எனக்குத் தெரியும்.
பள்ளி விட்டதும் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு
நாங்கள் ஏறுவது அதில்தான்,
ஆட்டுப் புழுக்கையை மிதித்து,
எதிர்க்காற்றுக்குக் குனிந்து,
முப்பத்தொரு எட்டு, சியூர்டுக்கு இருபத்தெட்டு.
ஆடுகளுக்கும் அதுதான் வழி.
ஒன்பதில் ஏறியவர் யார்?
அது களிமண்ணுக்குள் நிற்கிறது,
வெளிச்சம் படாமல்,
வரைந்தவருக்கே நிச்சயமில்லாததுபோல
விட்டு விட்டு.

ஜனவரியில் வடமேற்குக் காற்று எழுந்த இரவு
அப்பா டார்ச்சோடு கிளம்பினார். நானும் பின்னால்.
மதகருகே தண்ணீரில் ஒரு கம்பம்,
அதில் கறுப்பிலும் வெள்ளையிலும்
எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.
நான்கு மூழ்கியிருந்தது.
அங்கே நின்றவர்கள் ஒரு பிளாஸ்க் காப்பி குடித்து முடிப்பதற்குள்
நான்கரை.
கடலுக்கு மூச்சிரைக்கவில்லை.
நேராக ஏறிக்கொண்டிருந்தது,
அந்தப் புள்ளிக்கோட்டில்.

அப்பா ஏதோ கேட்டார், காற்றில் விழவில்லை.
நான் வாய்க்குள் பெருக்கிக்கொண்டிருந்தேன்:
இருபத்தைந்து, ஒன்பது.
இருநூற்று இருபத்தைந்து.
அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் நடுவில்.
அந்த நூற்றைம்பதும் இருந்திருந்தால்
நன்றாகத்தான் இருக்கும்.

ஐந்தே முக்காலில் நின்றது.
காலையில் கடற்பக்கச் சரிவில்
நாணல், பாசி, ஒரு ரப்பர் கையுறை,
வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன,
தண்ணீர் போட்ட அடிக்கோடு.

விடைத்தாளை மறுபடி நீட்டிப் பார்த்தேன்.
மூன்று மதிப்பெண்ணில்
ஹூக்ஸ்ட்ரா அரைகூடத் தரவில்லை.

ஏப்ரலில் ஆடுகளை மீண்டும் அணையில் விட்டார்கள்.
எல்லாம்
பதினைந்திலேயே ஏறின.