ஆறும் ஒன்பதும்

கோத்தகிரி மைதானத்துக்கு மஞ்சு
கார்னர் கொடி வழியாகத்தான் வரும்.
நடுவரைக் கேட்காது.
ஐம்பதாவது நிமிடத்தில் எதிர்க் கோல்கம்பம் போனது,
பிறகு நடுவட்டம்,
அறுபதில் என் அணியே போய்விட்டது.
சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர்க் கேன்,
நான்.

மேனேஜர் என்றால்
வேன் வாடகை, பதினெட்டு அவித்த முட்டை,
யாருக்கு இன்றைக்கு வயிற்றுவலி,
யார் வீட்டில் சனிக்கிழமை இலை பறிக்க ஆளில்லை,
கிழிந்த ஷின்கார்டுக்கு எவ்வளவு டேப்.
பதினான்கு வருஷம் ஆடினேன்.
இதையெல்லாம் ஒருவர் செய்கிறார் என்றே
ஒருநாளும் தோன்றியதில்லை.
பந்து வரும், மறிப்பேன்,
ஒன்பதுக்குத் தள்ளுவேன்.

ஒன்பது, ஜெபமலர்.
முதல் ஜெர்சி தைத்தபோது
டானிங்டன் தையற்காரரிடம் எட்டு வரைதான் அச்சு.
என் ஆறையே திருப்பி வைத்து அவளுக்கு அடித்தார்.
"நீ தலைகீழா நின்னா நானாக்கும்"
என்று வேன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சேலத்தில் ஓர் அரையிறுதி.
என் வலது முட்டி உடைந்த சத்தம்
கேலரி வரைக்கும் கேட்டதாம்.
எனக்குக் கேட்கவில்லை,
பந்து யாரிடம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஸ்ட்ரெச்சர் இல்லை.
கோல்வலையை அவிழ்த்து அதில் போட்டுத் தூக்கினார்கள்.
தலைமாட்டில் ஜெபமலர்.
முதுகில் பதிந்த முடிச்சுகள்
மறைய ஒரு வாரம் ஆயிற்று.
அந்த மேட்சில் மீதி நேரம்
அவள் எனக்காகவும் ஓடினாள் என்றார்கள்.
தோற்றுப்போனோம்.

இப்போது கூடலூர்க்காரிகள் ஒன்று, நாங்கள் ஒன்று.
மஞ்சுக்குள் ஆட்டத்தைக் காதால்தான் பார்க்க வேண்டும்.
ஜெபமலரின் இடது பூட்ஸில் அடி விட்டுப்போயிருக்கிறது,
தப் தப்பென்று தனியாகத் தெரியும்.
மூன்று ஓட்டம் ஓடினாள்.
நாலாவதுக்கு நடந்தாள்.
அடுத்த முறையும் நடந்தாள்.
கண்ணால் பார்த்திருந்தால்
ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மாற்றுப் பலகை எங்களுக்கு பிஸ்கட் அட்டை.
பிடிக்கிற பையனிடம் ஒன்பது என்றேன்.
தூக்கினான்.
மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தது
ஹேமாவதி.
பதினெட்டு வயது, முட்டியெல்லாம் சேறு,
முதுகில் என் பழைய ஆறு.
"நானா அக்கா?"

அண்ணாந்து பார்த்தேன்.
அட்டை தலைகீழாக இருந்தது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
ஹேமா அழுவாள், ராத்திரி சோற்றில் சரியாகிவிடுவாள்.
பையன் மேல் பழி.
முப்பத்துமூன்று வயதில் ஒருத்தி
இன்னும் இருபது நிமிடம் ஆடியிருப்பாள்.
சொல்ல வாயும் திறந்துவிட்டேன்.

அட்டையைப் பிடுங்கித் திருப்பினேன்.
தெரியாதே, இந்த மஞ்சில்.
ஆகவே கத்தினேன்:
"ஒம்போது!"

தப்.
தப்.
நடந்துதான் வந்தாள்.
கோட்டை மிதித்து நின்று
உள்ளே போகிற பெண்ணின் கையில் அடித்தாள்.
நீட்டிய என் கையைப் பார்த்தாள்.
"அட்டையத் திருப்ப இவ்ளோ நேரமாடி?"

நாற்காலியில் உட்கார்ந்து
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள்,
கொஞ்சம் தண்ணீர், இரண்டு கல், ஒரு புல்.
முட்டை மிச்சம் இருக்கா என்றாள்.
உரித்துக் கொடுத்தேன்.
மஞ்சள்கருவை விட்டுவிட்டுத் தின்றாள்,
எப்போதும் போல.

அப்போது உள்ளே எங்கேயோ ஒரு கூச்சல்.
பதினோரு தொண்டை.
நம்முடையதா அவர்களுடையதா, தெரியவில்லை.
அவள் ஒற்றைக் காலில் பூட்ஸோடு எழுந்தாள்,
நானும் எழுந்து நின்றேன்,
இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு.