ஓல்கோன் தீவுக்கு நடந்து

மூன்று குளிர்காலமாய்
பைக்கால் கரையோடு நின்றுவிட்டவள் நான்.
அண்ணன் ஸோரிக்தோவின் லாரி உள்ளே போன இடத்தை
மறுவாரமே பனி மூடிக்கொண்டது,
ஒன்றும் நடக்காததுபோல்.

இன்று தீவுக்கு வண்டியில்லை.
தங்கை பைர்மாவுக்கு வலி கண்டுவிட்டதென்று போன்.
நடந்தேன்.
அடிக்கு அடி எண்ணிக்கொண்டு:
இங்கே கனம் ஒரு முழம், இங்கே அரை முழம்,
இங்கே தெரியாது.

நடு ஏரியில் அது பேசியது.
இடி என்று சொல்லலாம்,
ஆனால் காலுக்குக் கீழே.
அடிவானம்வரை ஒரே இழுப்பாய்க் கிழிந்த ஓசை.
குப்புற விழுந்தேன்.

கன்னத்துக்கடியில் கண்ணாடி.
அதற்குள் வெள்ளைக் குமிழிகள்,
தட்டுத் தட்டாய்;
அடியிலிருந்து கிளம்பிய மூச்சு
பாதி வழியில் நின்றிருந்தது.
கீழே கறுப்பு.
கறுப்புக்கும் கீழே இன்னும் கறுப்பு.
எங்காவது முடியவேண்டுமே என்று
பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

எவ்வளவு நேரமோ.
இமைமயிர் உறைந்து ஒட்டியது.
மறுபடி முழங்கியது ஏரி.
"சரி, சொல்லு" என்றேன்,
பாஷை தெரியாத விருந்தாளியிடம் சொல்வதுபோல்.

எழுந்து வெகுதூரம் வந்தபிறகு,
தீவின் நாய்கள் குரைக்கும்போதுதான்
உறைத்தது:
அதற்குப்பின் ஓர் அடியும்
எண்ணவே இல்லை.