பெறுநர்: தவமணி

லயத்து வீடுகளுக்கு எண் உண்டு, தெரு கிடையாது.
செம்பனை லாரி போகும் மண் சாலைக்கு
வரைபடத்தில் பெயரே இல்லை.
அதனால் பீடோரில், பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே,
டாப்அப் விற்கும் என் கடைக்குத்தான்
இருபத்தேழு வீட்டுப் பொட்டலங்களும் வருகின்றன.
எல்லாவற்றின் மேலும் என் பெயர்.

பொட்டலத்துக்கு இரண்டு வெள்ளி.
"இந்தாம்மா, கங்காணி காசு" என்று
சிரித்தபடி வைப்பார் டிராக்டர் குணாளன்.
நானும் சிரிப்பேன்,
எண்ணிப் பார்த்த பிறகு.

கணக்கு ஒன்றே ஒன்று, என்னுடையது.
செயலி, பாவம், என்னை ஒரே ஆள் என்று நம்புகிறது:
வழுக்கைக்கு எண்ணெய் தேடுபவள்,
ஒரே மாதத்தில் மூன்று தூண்டில் சுருளை வாங்கியவள்,
இடுப்பு நாற்பத்துநான்கு, இருபத்தாறும்கூட.
ரஃபிகுல் தொழுகை விரிப்பு கேட்டதிலிருந்து
நோன்புக்கு எனக்குத் தனிக் கழிவு.
பின்னாலேயே தைப்பூச வேலுக்கும்.

மே மாதம் நான் கர்ப்பமானேன்.
வினோஷினி கேட்டது மஞ்சள் தொட்டில் துணி,
புட்டி இரண்டு, உள்ளங்கை அளவில் ஆறு சட்டை.
எண்பத்துமூன்று வெள்ளி.

தாப்பா மருத்துவமனையிலிருந்து
அவளும் அவனும் மட்டும் திரும்பி வந்த
மறுநாள் காலை பொட்டலம் வந்தது.
வந்ததும் ஃபோன் போடுவது என் வழக்கம்.
போடவில்லை.
பழைய நாட்காட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.
காரணத்தைத் தேர்வு செய்க, என்றது:
நிறம் வேறு.
அளவு பொருந்தவில்லை.
மனம் மாறியது.
கட்டைவிரல் மேலும் கீழும் போய் வந்தது.
கடை மூடும் நேரம்வரை போய் வந்தது.
அளவு என்று அழுத்தினேன்.

பணம் வந்ததும் அவனைக் கூப்பிட்டேன்.
"சாமான் வரவேயில்லை தம்பி, ஆர்டர் கேன்சலாகிவிட்டது."
என் இரண்டு வெள்ளியையும் சேர்த்து வைத்திருந்தேன்.
அவன் எண்ணவில்லை.
அப்படியே சட்டைப் பையில் திணித்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் நடந்தான்.

செயலிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
உங்கள் செல்லத்துக்கு ஒரு மாதம், வாழ்த்துகள்.
உங்கள் செல்லத்துக்கு மூன்று மாதம்,
கழுத்து நின்றுவிட்டதா?
விளக்குப் பொருத்துவதற்கு முன்பே
வழித்துத் தள்ளிவிடுவேன்.
மறுநாள் வேறொரு கடைக்காரன் பெயரில் வரும்.

நேற்று வந்தாள்.
"அக்கா, பத்து வெள்ளிக்குப் போடுங்க."
எண்ணைச் சொல்லத் தொடங்கினாள்.
மேசைமேல் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு
எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டேன்,
அவள் போன பிறகு போடலாம் என்று.