ஒற்றைச்செவியனும் வெள்ளிக்கிழமைத் தவணையும்

யோகபுரத்தில் இரவு ஏழரை.
வாசலில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
"விளம்பரம் வரட்டும் தம்பி,
உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றா நாகபூசணி.
குழுவின் மற்ற நாலு பேரும் அங்கேதான்.
ஐந்து பேருக்கு ஒரு கடன்,
ஐந்து பேருக்கு ஒரு ரீவி.

பூச்சுப் பூசாத சுவருக்கு முன்னால்
ஒற்றைச்செவி வேலப்பன் குதிரையில் வந்தான்.
சென்னையில் எடுத்த தொடர்,
இன்றைக்கு இருநூறாவது நாளாம்.
அவனுக்கு இரண்டு காதும் இருந்தது.
இரண்டிலும் கடுக்கன்.

"கரடி பிய்ச்ச காது எங்க?" என்றா சிவகலை.
"திரும்ப முளைச்சிருக்கும்,
நல்ல பசளை போட்டிருப்பாங்கள்" என்றா தவமலர்.
தவமலர் ஒரு தவணையும் பிந்தியதில்லை.
அவ பகிடி விட்டால்
என் முகத்தைப் பார்க்காமல் எல்லோரும் சிரிக்கலாம்.

காடு என்று காட்டியது தேக்கந்தோப்பு.
பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டம் மாதிரி
வரிசையாய் நின்றன மரங்கள்.
பாலை இல்லை, வீரை இல்லை,
உடுப்பைக் கிழிக்கிற சூரை முள் இல்லை.
ஒல்லாந்துக் கப்பித்தானின் மகளொருத்தி
மழையில் நனைந்து நனைந்து வேலப்பனைத் தேடினாள்.
அப்படி ஒருத்தி கதையில் கிடையாது.
கதையில் இருப்பது ஒரு வண்டி,
எட்டு மூட்டை நெல்,
மூட்டைக்கு மேல் ஏறியிருக்கும்
திறை சேர்க்கிறவன்.

அவனைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொப்பை வைத்த நடிகர். வெற்றிலை வாய்.
முறியோலைக் கட்டைக் கமக்கட்டுக்குள் இடுக்கி
"நேத்தே குடுத்திருக்கணும்" என்றார்.
அதையே நான் பின்னேரம் வேறு தமிழில்
மூன்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.
என் மடியில் கம்பனியின் நீலப் பை,
பைக்குள் பற்றுச்சீட்டுப் புத்தகம்,
நாகபூசணியின் பக்கத்தில் மூன்று கிழமை வெறுமை.
ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

வேலப்பன் அந்தரத்தில் இரண்டு தரம் சுழன்று இறங்கி
திறைகாரனை மரத்தில் கட்டினான்.
இங்கே சொல்கிற கதையில் அது பாலை மரம்,
பால் வடிந்து அவன் முதுகு மரத்தோடு ஒட்டிப்போகும்.
தேக்கில் ஒன்றும் ஒட்டவில்லை.
பிறகு ஓலைகளைக் குவித்துத் தீ வைத்தான்.
கடன் இவ்வளவு வடிவாக எரியும் என்று
எனக்குத் தெரியாது.
ஐந்து பெண்களின் முகத்திலும் அந்த மஞ்சள்.
நாகபூசணியின் கடைசி, டிலக்சன்,
எழும்பி நின்று கைதட்டினான்.

எனக்கும் தட்ட வேணும் போலிருந்தது.
மோட்டச்சைக்கிளுக்கு மாதம் பதினெட்டாயிரம்
லீசிங் கட்டுகிறேன்;
என்ர ஓலையும் அந்தக் குவியலில் எங்கேயோ கிடந்திருக்கும்.

விளம்பரம்.

"கடைசியில இவனைத் தூக்கில போடுவினமோ?"
சும்மாதான் கேட்டேன், எதையாவது கேட்க.
"ரீவியில சிலை வைப்பாங்கள்" என்றா சிவகலை.
நாகபூசணி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
"காட்டுக்குள்ள போனவன். வரேல்லை.
ஒருத்தரும் பிரேதம் காணேல்லை.
அவ்வளவுதான் கதை."

சவர்க்கார நுரையை ஒருத்தி உள்ளங்கையில் வைத்து ஊதினாள்.
ரீவிக்கு மேலே ஒரு பெடியனின் படம்,
மாலை போடாமல்.
போடச் சொன்னவர்களோடு
அவ பேசுவதில்லை என்று கேள்வி.

எழும்பிப் போய், மா வாளிக்குள் கைவிட்டு
காசை எடுத்துவந்தா.
இரண்டு கிழமைக்குக் காணும்.
தாள்களில் மா அப்பியிருந்தது.
"கதையிலதான் தம்பி எரிப்பான். எழுதுங்கோ."
எழுதினேன்.

வெளியே வந்தால் முன்சில்லில் காற்றில்லை,
வால்வு மூடியையும் காணவில்லை.
மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால்
முகத்தில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு டிலக்சன்,
ஒரு காதை மட்டும் கையால் பொத்தியபடி.

காணாத மாதிரி உருட்டத் தொடங்கினேன்.
சந்தியில் ஒட்டுக்கடைக்காரன்
எட்டு மணிக்குப் பூட்டிவிடுவான்.