ஐந்தரைக் கிலோ

சுங்கைப் பட்டாணியில் லிம் கடைக் கண்ணாடிக்குள்
இருந்ததிலேயே மலிவானது இதுதான்.
ஆயிரத்து எழுநூறு வெள்ளி, கைமாறின சாமான்.
குழலில் நீலம் போய்
பழைய மில்க் டின் நிறம்.
"விசை இறுக்கம் அக்கா,
ஐந்தரைக் கிலோ இழுக்கணும்" என்றான்.
நான் சிரித்தேன்.
இருபது கிலோ செம்பனைக் குலையைக்
கம்பியில் குத்தி லோரிக்கு ஏற்றின கை இது.

ஆனால் குலைக்கு முதுகு வரும், இடுப்பு வரும்,
கெட்ட வார்த்தையும் ஒன்று கூட வரும்.
இதற்கு ஒற்றை விரல்.
மற்ற நான்கும் அசையக்கூடாது.

பாலாயில் இன்ஸ்பெக்டர் கேட்டார்:
புவான், உங்களுக்கு எதற்கு?
மாதம் ஏழாம் தேதி ரொக்கம் எடுத்து
நாற்பது பேருக்குப் பிரிக்கிறவள் என்றேன்.
பாராங் கிழித்துத் தையல் போட்ட முழங்கையை
மேசைமேல் வைத்தேன்.
எழுதிக்கொண்டார்.
லைசென்ஸ் வர இரண்டு வருஷம்.

பாடாங் செராய் சாலையோர ஆபீஸ்,
மேசையின் இரண்டாவது இழுப்பறை.
துப்பாக்கி, எண்ணிவைத்த பதினைந்து தோட்டா,
சம்பளப் பேரேடு,
ரப்பர் வளையம் போட்ட பதினொரு பாஸ்போர்ட்.
எல்லாம் வங்காளதேசத்துப் பச்சை அட்டை.
பத்திரத்துக்குத்தான் என்பேன்.
எல்லா கான்ட்ராக்டரும் அதைத்தான் சொல்வார்கள்.

சில ராத்திரி காலியாக இழுத்துப் பார்ப்பேன்.
பாதியில் ஓர் இடம்:
எலும்பு பல்லில் சிக்கின மாதிரி நிற்கும்.
இன்னும் இழுத்தால் குழல் இடப்பக்கம் சாயும்,
காலண்டரில் பிள்ளையாரை விட்டுவிட்டு
சீனப் பெருநாள் தேதிக்குப் போகும்.
லிம்முக்குப் போன் செய்தேன்.
ஸ்பிரிங் மாற்ற எண்பது வெள்ளி என்றான்.
அடுத்த சம்பளம் போகட்டும் என்று விட்டேன்.

மாசி மழை விட்ட ராத்திரி,
பின்கதவுக் கொக்கி கழன்ற சத்தம்.
துப்பாக்கி அன்று என் தலையணைக்கடியில்.
ஆபீசுக்கும் படுக்கைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான்.
இருட்டில் ஒரு முதுகு
இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தது.
நாய் குரைக்கவில்லை.
ஏன் குரைக்கவில்லை என்று
அப்போது நான் யோசிக்கவில்லை.

இழுத்தேன்.
இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.
பயமுறுத்த அல்ல, கையைக் காலைப் பார்த்து அல்ல,
முதுகின் நடுவைப் பார்த்து இழுத்தேன்.
சுத்தி பாதி எழுந்தது.
அந்த இடம் வந்தது.
விரல் நின்றது.

"அக்கா."

டார்ச் அடித்தேன்.
ரஃபிகுல்.
தினமும் நாய்க்குச் சோறு வைக்கிறவன்.
மற்றதெல்லாம் இழுப்பறையில் அப்படியே,
பணப் பையும்கூட.
அவன் கையில் திறந்திருந்த பக்கத்தில்
அவன் முகமே, சின்னதாக,
முடியை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு.

போ என்றேன்.
தமிழில் சொன்னேனா மலாயிலா, ஞாபகமில்லை.
காலையில் பட்டர்வொர்த் பஸ்ஸில் ஏறிவிட்டானாம்.

கோயில் கமிட்டியில் சொல்கிறார்கள்:
தனபாக்கியம் நிதானக்காரி,
வேறு ஆளாயிருந்தால் சுட்டிருப்பான்.
நான் தேத்தண்ணியை ஆற்றிக் குடிக்கிறேன்.
நிதானம் எனதல்ல,
எண்பது வெள்ளி மிச்சம் பிடித்த ஸ்பிரிங்குடையது
என்று எந்தக் கமிட்டியில் போய்ச் சொல்ல?

போன ஞாயிறு சுடுதளத்துக்குப் போனேன்.
அட்டை மனிதன், பதினைந்தடி.
இழுத்தேன்.
அந்த இடம் வந்தது, போனது.
ஆறு தோட்டாவும் ஆறு தடவை
முரண்டு பிடிக்காமல் போயின.
திரும்பி வரும்போது
ஸ்டீரிங்கில் இருந்த விரலையே
பார்த்துக்கொண்டு வந்தேன்.

லிம் நேற்றுப் போன் செய்தான்,
ஸ்பிரிங் வந்துவிட்டதாம்.
பார்க்கலாம் என்றேன்.

இழுப்பறையில் பத்துப் பாஸ்போர்ட் இருக்கிறது.
ரப்பர் வளையம்
கொஞ்சம் தொளதொளவென்று.