மூன்றாம் வரிசை

புல்வெளியில் களை என்று
ஹூஸ்டன் குடியிருப்போர் சங்கத்தின் அபராதச் சீட்டு.
பிடுங்கினேன்: கீழாநெல்லி.
இலைக்கடியில் ஒளித்துவைத்த
கடுகளவு காய்கள்.

எறியவில்லை. உலர்த்தி, இடித்து, வடித்து
ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன்.

தட்டில் கல்லீரல் செல்கள்;
எப்போதோ இறந்த ஒரு சிறுவனுடையவையாம்.
குப்பியில் பெயர் இல்லை, எண்தான்.
எல்லாக் குழியிலும் பெராக்சைடு.
முதலிரு வரிசைக்கு
முன்னமே சாறு கொடுத்தாயிற்று.
மூன்றாவதற்கு வெறும் கரைப்பான்.
ஒப்பிட ஒன்று சாகவேண்டுமே.

காலையில் நுண்ணோக்கி.
சாறு குடித்தவை
தரையைப் பற்றிக்கொண்டு கிடந்தன.
மூன்றாம் வரிசை
உருண்டு, கழன்று, மிதந்தது.

"வேலை செய்கிறதா?" என்றாள் டெனீஸ்.
"தட்டில் செய்கிறது" என்றேன்,
மூன்றாம் வரிசையிலிருந்து
கண்ணை எடுக்காமல்.

வெளியே மழை.
இந்நேரம் அங்கே மறுபடி முளைத்திருக்கும்.
அபராதம் கட்ட
வெள்ளிக்கிழமை கடைசி.